தலைக்குத்தானே கதிர்வீச்சு, ரத்தத்தில் ஏன் குறைகிறது?

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 57 வயது. திடீரென்று வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தபோது மூளையில் கட்டி தெரிந்திருக்கிறது. அறுவை சிகிச்சையில் முடிந்த அளவு எடுத்துவிட்டார்கள். பயாப்சி முடிவு கிளையோபிளாஸ்டோமா, அதாவது வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய். இப்போது 30 நாள் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது; 17 முடிந்துவிட்டது. கூடவே தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்துக் கேப்சூல். மூளை வீக்கத்துக்காகக் காலையும் மாலையும் 4 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை.

போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்த வெள்ளை அணுக்கள் 9,000. அதில் நியூட்ரோஃபில் 91 சதவீதம். எதிர்ப்புச் சக்திக்கான இன்னொரு வகை வெள்ளை அணுவான லிம்ஃபோசைட் 5 சதவீதம், அதாவது 450. தட்டணுக்கள் 1,70,000. லிம்ஃபோசைட் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. "தலைக்குத்தானே கரண்ட் வைக்கிறார்கள், உடம்பு முழுவதும் எதிர்ப்புச் சக்தி ஏன் போகிறது? அளவு தப்பாக வைத்துவிட்டார்களா?" என்று கேட்கும் அண்ணன், மீதி 13 நாளை நிறுத்திவிடலாம் என்கிறார். மொத்தம் 9,000 இருக்கிறதே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிறார் சித்தப்பா. லிம்ஃபோசைட் குறைந்தவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று வாசகி இணையத்தில் படித்திருக்கிறார். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. கதிர்வீச்சு வாங்கிய உடம்புக்குப் பக்கத்தில் போகாதே என்று அத்தை சொன்னதால், அப்பாவின் அறை வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருகிறாராம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி கொடுக்கலாமா, புரோட்டான் என்ற துகள்களால் கொடுக்கும் கதிர்வீச்சுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போங்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குக் கொடுப்பது வெளியிலிருந்து பாய்ச்சும் எக்ஸ்ரே வகைக் கதிர். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்குவதில்லை, அவரிடமிருந்து உங்களுக்கோ வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ எதுவும் வருவதில்லை. கர்ப்பிணிகளைச் சில நாள் தள்ளி இருக்கச் சொல்வது, கதிரியக்க மருந்தையே உடலுக்குள் செலுத்தும் சிகிச்சைகளில்தான். தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் அப்படிப்பட்டது. உங்கள் அத்தை அதை எங்கோ கேள்விப்பட்டு இதனோடு சேர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

உண்மையில் நீங்கள் தள்ளி இருக்க வேண்டியது டெமோசோலமைடு கேப்சூலிடமிருந்துதான். அந்த மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. அதை எடுத்துக் கொடுக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். கேப்சூலைத் திறக்கவோ உடைக்கவோ கூடாது. அப்பா வாந்தி எடுத்தால், கையுறை போட்டுக்கொண்டு இன்னொருவர் சுத்தம் செய்யட்டும்.

இனி அந்த 450. அது தவறான அளவைக் காட்டும் எண் அல்ல. சரியான அளவு, சரியான இடத்தில், திட்டமிட்டபடியே கொடுத்தாலும் இப்படி நடக்கும். அதே நேரம், கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூடிய எண்ணும் அல்ல. அண்ணன் சொல்வதில் பாதி சரி, சித்தப்பா சொல்வதில் பாதி சரி. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கதிர் தொடுவது மூளையை மட்டுமல்ல

எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்றதும் எல்லோரும் எலும்பு மஜ்ஜையைத்தான் நினைக்கிறார்கள். பெரியவர்களின் உடலில் ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் மஜ்ஜையில் மண்டையோட்டின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பகுதி இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. மூளையோடு முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டிய சில கட்டிகளில் மஜ்ஜை நன்றாகவே அடி வாங்கும். அப்பாவுக்குத் தலையின் ஒரு பகுதிக்கு மட்டும் என்பதால் மஜ்ஜைக்கு நேரடி இழப்பு சிறியதுதான். அண்ணனின் கேள்வி நியாயமாகத் தோன்றுவதும் இதனால்தான்.

அவர் கணக்கில் விட்டுப்போனது ரத்த ஓட்டம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் மூளைக்குப் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர். இயந்திரம் இயங்கும் அந்தச் சில நிமிடங்களில், கதிர் விழும் பகுதி வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு அணுவும் சிறிதளவு கதிரை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. மறுநாள் வேறு அணுக்கள். கிளையோபிளாஸ்டோமாவுக்கான வழக்கமான திட்டம், நாளுக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 30 நாளில் மொத்தம் 60 கிரே. இந்தத் திட்டத்தை வைத்து ஒரு கணினிக் கணக்கீடு 2013-ல் வெளியானது. ஒரு நாள் சிகிச்சையில் ரத்த அணுக்களில் 5 சதவீதம் மட்டுமே அரை கிரே கதிரை வாங்குகின்றன. 30 நாள் முடியும்போது, ஓடும் ரத்தத்தில் 99 சதவீதம் அந்த அரை கிரேயையாவது வாங்கியிருக்கும் என்றது அந்தக் கணக்கு.

அரை கிரே என்பது மற்ற அணுக்களுக்குப் பெரிதல்ல. லிம்ஃபோசைட்டுக்குப் பெரிது. உடலிலேயே கதிருக்கு மிக எளிதில் அழியும் அணுக்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலான அணுக்கள் கதிர் பட்டாலும் அடுத்த முறை இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் சாகும்; லிம்ஃபோசைட் அதுவரை காத்திருப்பதில்லை, பிரியாமலே தன்னை அழித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு கிரே போதும், பாதி போய்விடும். கட்டிக்கு 60 கிரே தேவைப்படுகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழுத்து, தொண்டை, வாய்ப் பகுதிப் புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சு பெறுபவர்களுக்கும் இதே கதைதான், இன்னும் சற்றுக் கூடுதலாக. அங்கே பெரிய ரத்தக் குழாய்களோடு, லிம்ஃபோசைட்டுகள் குடியிருக்கும் கழுத்து நிணநீர்க் கணுக்களும் கதிரின் பாதையில் இருக்கின்றன. மாறாக, சிறிய கட்டிக்கு ஒன்றிலிருந்து ஐந்து நாளில் முடித்துவிடும் ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சையில் குறைவாகவே விழும். கதிர் படும் இடமும் சிறிது, ரத்தம் கதிரைக் கடக்கும் நாட்களும் குறைவு.

9,000-க்குள் இருக்கும் 450

சித்தப்பா பார்த்த 9,000 சரியான எண்தான். ஆனால் அதைப் பெரிதாகக் காட்டுவது டெக்ஸாமெத்தசோன். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில்களை இந்த ஸ்டீராய்டு ஓட்டத்துக்குள் இறக்கிவிடும். எனவே அவற்றின் எண்ணிக்கை ஏறும். அதே மருந்து லிம்ஃபோசைட்டைக் குறைக்கும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்க, மொத்த எண்ணிக்கை ஆரோக்கியமாகத் தெரியும். ஸ்டீராய்டு எடுப்பவரின் அறிக்கையில் மொத்த எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. சதவீதத்தை மொத்தத்தோடு பெருக்கி, லிம்ஃபோசைட் எத்தனை என்று பார்க்க வேண்டும். நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு 1,000-க்கு மேல் இருக்க வேண்டும். 500-க்குக் கீழே போனால் நாங்கள் கடுமையான குறைவு என்போம்.

டெமோசோலமைடும் தன் பங்குக்கு லிம்ஃபோசைட்டைக் குறைக்கிறது. கட்டியும் சும்மா இருப்பதில்லை. சிகிச்சை எதுவும் தொடங்காத கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள் சிலருக்கே லிம்ஃபோசைட் குறைவாக இருப்பது நெடுநாளாகப் புதிராக இருந்தது. மூளைக்குள் கட்டி வளரும்போது, லிம்ஃபோசைட்டில் ஒரு வகையான டி-அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே அடைபட்டு, ரத்தத்துக்கு வெளியே வர முடியாமல் போகின்றன என்று 2018-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகக் கதிர்வீச்சை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. அறுவைக்கு முன்பு எடுத்த ரத்த அறிக்கை வீட்டில் இருந்தால் தேடி எடுங்கள். அப்போது லிம்ஃபோசைட் எவ்வளவு இருந்தது என்பதை வைத்து, இப்போதைய 450-ஐ இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளலாம்.

இணையத்தில் படித்த அந்த வரி

நீங்கள் படித்தது பொய்யில்லை, முழுமையும் இல்லை. அது அநேகமாக 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்விலிருந்து வந்திருக்கும். உங்கள் அப்பாவைப் போன்ற சிகிச்சை பெற்ற 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிகிச்சை தொடங்கிய இரண்டு மாதத்தில், பத்தில் நான்கு பேருக்கு சிடி4 என்ற வகை லிம்ஃபோசைட் 200-க்குக் கீழே போயிருந்தது. அவர்களுடைய சராசரி ஆயுள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம் தொற்று அல்ல, கட்டி மீண்டும் வளர்ந்ததுதான்.

பெரிய கட்டி உள்ளவருக்குக் கதிர் படும் பரப்பும் பெரிது, வீக்கமும் அதிகம், ஸ்டீராய்டும் அதிகம். அதனால் லிம்ஃபோசைட் கூடுதலாக விழும். எதிர்ப்பு அணுக்கள் குறைந்ததால் கட்டி வளர்ந்ததா, பெரிய கட்டியே இரண்டுக்கும் காரணமா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து அப்பாவின் நெற்றியில் ஒட்டாதீர்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்து எந்த மருத்துவரும் அவருடைய நாட்களைக் கணக்கிடுவதில்லை.

நிறுத்துவதா, மாற்றுவதா

13 நாளை விட்டுவிட்டால் என்ன கிடைக்கும்? லிம்ஃபோசைட் உடனே ஏறிவிடாது. டி-அணுக்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கிவிடுவதால், 57 வயதில் அவை மெல்லத்தான் திரும்பும். மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இழப்பது என்ன? இதுவரை கொடுத்தது 34 கிரே. இந்த வகைக் கட்டிகளுக்கு 45 கிரேயையும் 60 கிரேயையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 1991-ல் வெளியானது. 60 கிரே பெற்றவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். பாதியில் நிறுத்துவது, கதிரின் தீமைகளை வாங்கிக்கொண்டு நன்மையை மட்டும் விட்டுவிடுவது. என் கருத்து வேண்டும் என்றால், வெறும் லிம்ஃபோசைட் குறைவுக்காக நான் கதிர்வீச்சை நிறுத்த மாட்டேன். காய்ச்சலோ தொற்றோ இருந்தால் அது வேறு முடிவு.

டெமோசோலமைடு விஷயத்தில் தெளிவான வரம்புகள் உண்டு. நியூட்ரோஃபில் 1,500-க்குக் கீழோ தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழோ போனால் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். அப்பாவுக்கு நியூட்ரோஃபில் 8,000-க்கு மேல், தட்டணுக்கள் 1,70,000. இரண்டுமே வரம்புக்கு மேல்தான். வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதைக் கவனிக்கத்தான். ஒரு வாரம்கூடத் தவறவிடாதீர்கள்.

உண்மையில் மாற்றிப் பார்க்க இடம் இருப்பது ஸ்டீராய்டு அளவில். நாளுக்கு 8 மில்லிகிராம் என்பது குறைந்த அளவல்ல. தலைவலி, வாந்தி, கை கால் பலவீனம் இல்லாமல் அப்பா நன்றாக இருந்தால், படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், திடீரென்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள். மூளை வீக்கம் திரும்பலாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பில் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும் என்பதால் மயங்கி விழும் ஆபத்தும் உண்டு.

புரோட்டான் பற்றிக் கேட்டீர்கள். கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துச் செய்த சிறிய ஆய்வு 2021-ல் வெளியானது. கடுமையான லிம்ஃபோசைட் குறைவு, வழக்கமான கதிர் பெற்றவர்களில் 39 சதவீதம். புரோட்டான் பெற்றவர்களில் 14 சதவீதம். வேறுபாடு உண்மையானது. ஆனால் அதனால் நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று நிரூபணமாகவில்லை. 17 நாள் முடிந்த நிலையில் மாறினால் புதிதாகத் திட்டமிடவும் இடம் கிடைக்கவும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி புற்றணுக்களுக்குச் சாதகம். தொடங்கும் முன்பு கேட்டிருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன். இப்போது வேண்டாம்.

இப்போது காவல் எங்கே தேவை

லிம்ஃபோசைட் குறைந்திருக்கும்போது நாங்கள் குறிப்பாக அஞ்சுவது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா. கதிர்வீச்சோடு டெமோசோலமைடு எடுக்கும் எல்லோருக்கும் இதற்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது அந்த மருந்தின் விதிமுறையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் கொடுப்பது கோட்ரைமாக்சசோல் மாத்திரை. நீங்கள் எழுதியிருக்கும் மருந்துப் பட்டியலில் அது இல்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கே போன் செய்து கேளுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதிலேயே அவசரமானது இதுதான். அது சல்ஃபா வகை மருந்து; சல்ஃபா அலர்ஜி உண்டு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்துகள் இருக்கின்றன. கதிர்வீச்சு முடிந்த அன்றே இதையும் நிறுத்திவிடக் கூடாது. லிம்ஃபோசைட் தேறும் வரை தொடர வேண்டும்.

இந்த நிமோனியா சத்தமில்லாமல் வரும். வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, இவ்வளவுதான் தொடக்கத்தில் தெரியும். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வரும் வாரங்களில்தான் பலருக்கும் தலை காட்டுகிறது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஆனால் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், தெர்மாமீட்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வழக்கத்துக்கு மாறான சோர்வு, குழப்பமான பேச்சு, வாயில் வெள்ளைப் படலம், உடலில் ஒரு பக்கமாக எரிச்சலோடு வரும் கொப்புளங்கள், இவையும் கணக்கில் வரும்.

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். எப்போதோ வந்து அடங்கிக் கிடக்கும் வைரஸ், இந்தச் சிகிச்சையின்போது எழுந்து கல்லீரலைத் தாக்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கலாம்.

உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் அப்பாவுக்கு இப்போது கூடாது. ஃப்ளூ ஊசி போன்ற செயலிழந்த வகை போடலாம்; பலன் சற்றுக் குறைவாக இருந்தாலும் கெடுதல் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்வது நல்லது, கர்ப்பிணியான நீங்களும்தான். குழந்தை பிறந்த பிறகு, வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாய்வழி போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக ஊசி வகையை அவர் தேர்ந்தெடுப்பார்.

மற்றபடி அப்பாவை அறைக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாம், நெரிசலான இடங்கள் வேண்டாம், எல்லோரும் கை கழுவட்டும். அது போதும்.

பொடி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். கதிர்வீச்சால் குறைந்த லிம்ஃபோசைட்டை ஏற்றும் என்று நிரூபணமான பொடியோ லேகியமோ கிடையாது. சில கல்லீரலைக் கெடுக்கும், சில வலிப்பு மருந்தின் வேலையைக் குலைக்கும். எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் நிவோலுமாப் போன்ற நவீன மருந்துகளையே கதிர்வீச்சோடு சேர்த்துக் கிளையோபிளாஸ்டோமாவில் பெரிய ஆய்வுகளாகச் செய்து பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. நியூட்ரோஃபிலை ஏற்றும் ஊசி உண்டு, அது லிம்ஃபோசைட்டை ஏற்றாது. லிம்ஃபோசைட்டை ஏற்றக்கூடிய இன்டர்லூக்கின்-7 என்ற புரத மருந்து இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

கடிதத்தில் பேசாதவர்

உங்கள் கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், சித்தப்பா பேசுகிறார், அத்தை பேசுகிறார். அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் தெளிவாக இருக்கிறார், தினமும் பேப்பர் படிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு அவருடையது. மகனோ தம்பியோ அவருக்காக எடுத்துவிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அவர் தலையில் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்டுவிட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் போதும் என்று அவரே சொன்னால், அதை மதித்து மருத்துவரோடு பேச வேண்டியதுதான்.

அண்ணனுக்குச் சந்தேகம் தீரவில்லை என்றால், சிகிச்சைத் திட்டத்தின் சுருக்கத்தையும் ரத்த அறிக்கைகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அவை நோயாளிக்கு உரியவை; தயங்க வேண்டாம். அவற்றோடு வேறொரு கதிர்வீச்சு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்கலாம். அதற்காக ஒரு நாள் சிகிச்சையையும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. காலையில் சிகிச்சை, மாலையில் இரண்டாவது மருத்துவர் என்று போய் வரலாம்.

தடுப்பு மாத்திரைக்கு மட்டும் காத்திருக்காமல் நாளைக்கே போன் செய்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அப்பாவும் அறைக்குள் இருக்கட்டும். ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா, ஹெபடைட்டிஸ் பி பார்த்தாகிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.